சின்னக் கூடத்துக் காற்று

"குழந்தை வீறிட்டு அழுதுட்டு இருக்கு... நீ தொட்டிலைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கியேம்மா!"

காலை வெயில் ஜன்னலைத் தொடுவதற்குள் மகளின் குரல் வீட்டை நிறைத்துவிட்டது. தரையில் தொட்டிலின் கால்கள் கிடந்தன. அவற்றின் நடுவே, வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தாள் அவள்.

"ஒரு போல்ட் லூசா இருக்கு. ஆட்டும்போது ஒரு பக்கம் இழுக்குது. விழுந்து வச்சா...?"

"விழாது! பேத்தி வந்ததுலேருந்து தொட்டிலைத்தான் தொடுறே. அவளை ஒரு தடவை தூக்கினியா?"

சமையலறையிலிருந்து பால் பாத்திரத்தோடு வந்த அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா, வாசற்படியிலேயே நின்றாள்.

"இன்ஜினியரம்மாகிட்ட கேக்குற கேள்வியாடீ இது? குழந்தையைக் கையில கொடுத்தா, கிரீஸ் எந்தப் பக்கம் வைக்கணும்னு கேப்பா!"

மகள் சிரிக்கவில்லை. "என்னையே தூக்கினதில்ல அத்தை. என் பொண்ணையா தூக்கப் போறாங்க?"

அவள் போல்ட்டை இறுக்கினாள்.

போருக்கு முன் ரயில் பணிமனையில் இன்ஜினியராகச் சேர்ந்த ஒரே பெண் அவள். கொதிகலனுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் கரியோடு வீட்டுக்கு வருவாள். கணவன் அந்தக் கரியைத் துடைக்கவிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பான். குண்டு விழத் தொடங்கியபோது, நகரத்தின் நிலத்தடிப் பதுங்கிடத்துக்குக் காற்று தரும் பெரிய விசிறிகளை அவளிடம் ஒப்படைத்தார்கள். ஃபிட்டர்கள் அவளுக்குக் 'காத்தம்மா' என்று பெயர் வைத்தார்கள். வீட்டாரெல்லாம் கீழே பதுங்கும்போது, அவள் இயந்திர அறையின் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தாள். அப்போது குழந்தையாயிருந்த மகள் அத்தையின் இடுப்பிலேயே வளர்ந்தாள்.

போர் முடிந்தபோது அவளுடைய வலது தோள் மேலே எழவில்லை. மேசை வேலை கொடுத்தார்கள். லிஃப்ட்டுகளையும் பாய்லர்களையும் சோதித்துக் கையெழுத்துப் போட்டே ஓய்வுபெற்றாள். "ஏதோ வாதம்" என்றார்கள் சொந்தக்காரர்கள். அவள் மறுக்கவில்லை.

போர்க்காலத்தின் அந்த ஒரு நாளைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். குண்டு விழுந்ததில் ஒரு மோட்டார் எரிந்துபோனது. மிஞ்சிய மோட்டாரை அவள் பதுங்கிடத்தின் பெரிய கூடத்துக்குக் கொடுத்தாள். அங்கேதான் ஆஸ்பத்திரி நோயாளிகள் இருந்தார்கள். சின்னக் கூடத்தில் இருந்தவர்கள் அவள் கணவன், நாத்தனார், குழந்தை... இடிபாட்டில் அடைபட்ட கதவு திறந்தபோது கணவன் உயிரோடு இல்லை.

"ஊருக்குக் காத்து கொடுத்தா. கட்டினவனுக்குக் கொடுக்கல!" நாத்தனார் அன்று சொன்னது இன்றுவரை இந்த வீட்டில் ஓயவில்லை. அதைக் கேட்டுக்கொண்டேதான் மகள் பெரியவளானாள்.

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அம்மா முதலில் மின்விசிறியைத்தான் பார்ப்பாள். அது சுற்றுகிறதா? சுற்றினால்தான் அங்கே இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பாள்.

தொட்டில் மறுபடி தன் கால்களில் எழுந்து நின்றது. மகள் குழந்தையைப் படுக்க வைத்தாள். பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"நான் இன்னைக்கே கிளம்புறேன்மா. அத்தை என்கூட வரட்டும். நீ... நீ வர வேணாம். இனிமே எப்பவுமே வேணாம். என் பொண்ணும் என்னை மாதிரி உன் கையைப் பாத்துப் பாத்து ஏங்கி வளர வேணாம்!"

அம்மா வாய் திறப்பதற்குள் கரண்ட் போனது.

விசிறியின் சுழற்சி தளர்ந்தது... இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன... நின்றது. குழந்தை வீறிட்டது. அவளுடைய முகம் வெளிறியது. ஸ்பேனர் பிடித்திருந்த இடது கை தானாகவே வட்டமிடத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பேனர் தொட்டில் காலில் இடித்தது. கடக்... கடக்... கட்! கடக்... கடக்... கட்! மூன்றாவது மட்டும் தடுக்கி விழுந்தது, பல் உடைந்த சக்கரம் போல.

குழந்தையின் அழுகை மெல்ல அடங்கியது.

"இந்தச் சத்தம்..." மகள் தொட்டிலைப் பிடித்துக்கொண்டாள். "இது எனக்குத் தெரியும். இருட்டுல... சுவத்துக்குள்ளேருந்து வந்துச்சு. இதைக் கேட்டுட்டேதான் தூங்கினேன்!"

நாத்தனாரின் கையிலிருந்த பாத்திரம் விழுந்து உருண்டது. பால் தரையெங்கும் ஓடியது.

"அது மெஷின் இல்ல...?" அவள் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா... சொல்லு. அன்னைக்குச் சின்னக் கூடத்துல வந்தது மெஷின் சத்தம் இல்லையா?"

ஸ்பேனர் பிடித்த கை நிற்கவில்லை. "மோட்டார் ஏது அண்ணி? ஒண்ணுதானே இருந்துச்சு. சின்னக் கூடத்து விசிறிக்குக் கைப்பிடி உண்டு... ஃபிட்டருங்க ரெண்டு பேர் சேர்ந்து சுத்துறது. அவங்க வெளியே மாட்டிக்கிட்டாங்க. நானே சுத்தினேன். தோள் விட்டுப்போச்சு. அப்புறம் இடது கையால..."

"ஏம்மா சொல்லல? இத்தனை வருஷம் ஏன் சொல்லவே இல்ல!" மகள் கத்தினாள்.

"சுத்தினதைச் சொன்னா, நிறுத்தினதையும் சொல்லணுமேடீ!" முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. "கடைசியில கை நின்னுடுச்சு. கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. அப்பாவோட மூச்சு... என் கையிலதான் நின்னுச்சு."

"இல்ல!"

நாத்தனார் பாலை மிதித்துக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"இல்லம்மா... இல்ல. உள்ளே வரும்போதே தம்பிக்கு நெஞ்சுல அடி. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னான். சத்தம் வந்துட்டு இருக்கும்போதே போயிட்டான். அவன் போனப்புறமும் ரொம்ப நேரம் வந்துச்சு. உன் பொண்ணு அவன் மடியில தூங்கிட்டு இருந்தா... எழுப்பக்கூடாதுன்னு நான் வாயைப் பொத்திக்கிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுட்டு இருந்தேன். காத்து மெலிசாத்தான் வந்துச்சு. எங்களுக்கு ஏதோ ஓட்டை மெஷினை நீ விட்டுட்டேன்னு நினைச்சேன்... உன் கைன்னு தெரியாதும்மா!"

"அவர் முன்னாடியே... போயிட்டாரா?" அவளுடைய கை அந்தரத்தில் நின்றது. "அது தெரிஞ்சுமா அண்ணி... இத்தனை காலம் என் மேல பழி...?"

"வேற யாரைத் திட்டுவேன்? குண்டு போட்டவன் மூஞ்சியை நான் பாத்தேனா? உன் மூஞ்சிதான் தினமும் எதிர்ல இருந்துச்சு!" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்களுக்கு மூச்சு கொடுத்தவளைத்தானே இத்தனை நாளும் மூச்சு முட்ட வச்சேன்... பாவி நான்!"

அந்தக் கைகளை அவள் பிடித்துத் தடுத்தாள். மன்னித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கையை விடவும் இல்லை.

மகள் குழந்தையை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தாள். "தூக்கும்மா..."

"முடியாதுடீ. நழுவிடும்... உன்னையும் அந்தப் பயத்துலதான் தூக்கல."

நாத்தனார் அவளருகே நகர்ந்து, மரத்துப்போன வலது முழங்கையின் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். மெல்ல, தோளுக்கு வலிக்காமல் உயர்த்தினாள். குழந்தை இரண்டு பேரின் கைகளிலும் சேர்ந்து ஏறியது. மகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

கரண்ட் வந்தது. தலைக்கு மேலே விசிறி முனகிக்கொண்டு சுழலத் தொடங்கியது.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.