நாகமணி மகன்

பெரட்டுத் தண்டவாளம் சாயங்காலத்தில் ஒலித்தது.

குகன் காரை விட்டு இறங்கியவன் அப்படியே நின்றான். விடியலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்து, தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அது ஒழிந்து பல வருடங்களாகின்றன; இப்போது செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்து ஆட்களை வாட்சாப்பில் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் மழைக்கு இருட்டிக்கொண்டு நின்ற செம்பனைகளுக்கு நடுவிலிருந்து, ஈர ஓலையும் அழுகிய பழக்குலையும் நாறும் காற்றில், இரும்பில் இரும்பு மோதும் சத்தம் அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. எவனோ வேலையற்றவன் என்று திட்டிக்கொண்டே, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழைந்தான். அவனுக்கிருந்த ஆத்திரத்தில் பேயே எதிரில் வந்திருந்தாலும் அறைந்திருப்பான்.

அந்த லயத்தில் இன்னும் குடியிருப்பது அவன் அம்மா கண்மணி மட்டும்தான். அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“என் அப்பன் யாரு?”

“செல்லன்னு சொல்லிருக்கேன்ல,” என்றாள், நிமிராமல்.

“புக்கிட் பெலிம்பிங் போயி அவரு தங்கச்சியப் பாத்துட்டுதான் வர்றேன். செல்லன் செத்து ரெண்டு வருசம் கழிச்சிப் பொறந்தவனாம் நான். மூஞ்சிக்கு நேரா சொல்லுது! நாளைக்குக் கல்யாணக் கார்டு அச்சுக்குப் போவுது லா. யாரு மகன்னு போட?”

பெண்ணின் அப்பா யோகேந்திரன் தன் வம்சத்தை யாழ்ப்பாணம் வரைக்கும் மனப்பாடமாகச் சொல்லுவார். ‘தம்பி, உங்கட தகப்பன் ஆர்?’ என்று, செல்லன் என்ற பெயர் மட்டும் போதாமல், அவர் மூன்று முறை கேட்டுவிட்டார். நான்காவது முறை கேட்கமாட்டார், கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்.

“அத மட்டும் கேக்காத, சாமி.”

“சின்னப் புள்ளையிலேருந்து இதேதான சொல்ற!”

பலகைச் சுவரில் ஓங்கிக் குத்தினான். தட்டுமுட்டுச் சாமான்கள் உருண்டன. அம்மா சுவரைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தாய் அப்படிப் பயந்து அவன் கண்டதில்லை.

வெளியே தண்டவாளம் நின்றது. ஒரு ஆண்குரல் பெயர் கூப்பிடத் தொடங்கியது.

தண்ணீருக்குள் அவள் விரல்கள் அசையாமல் நின்றன. “குகா, அவன் யாரக் கூப்ட்டாலும் வாயத் தொறக்காத. பெரட்டுல பதில் சொன்னா அவன் ஆளுன்னு ஆயிரும்.”

“யாரு அவன்?”

“மண்டோர். தோட்டத்துல ஆளுங்கள மேச்சி, என்னைய வேலைக்கு வச்சிருந்தவன். செத்துட்டான். மழ வந்தா இப்பிடித்தான்.” கூரை ஒழுகுகிறது என்பதைப்போலச் சொன்னாள்.

குகன் வாசலுக்குப் போனான். மழை இறங்கிவிட்டது. மரங்களுக்கு அடியில் யாரையும் காணோம். குரல் மட்டும் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அடுத்ததற்குப் போனது. தங்கமணி. விமலா. அன்னம்மா. எல்லாம் பொம்பளைப் பெயர்கள். பிறகு, கண்மணி. உள்ளே அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு, “நாகமணி மகன் குகன்.”

அவனுக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. மண்டோரின் இந்தப் பெயரை மறைக்கவா இத்தனை வருடம்? இந்த நாய்க்காகவா?

“டேய், வேணாண்டா!” என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

“இங்கதாண்டா இருக்கேன்!” என்று மழைக்குள் கத்தினான். “ஆம்பளையா இருந்தா வெளிய வா!”

குரல் நின்றது. தவளைகளின் கத்தலும் நின்றது.

யாரும் வரவில்லை.

சுருட்டு நாற்றம். சம்சுச் சாராய நாற்றம். குகன் திரும்பிப் பார்த்தான். பின்னால் இல்லை. பக்கத்தில் இல்லை. மூச்சை விட்டான். நாற்றம் அவன் வாயிலிருந்து வந்தது.

உள்ளே ஓடினான். அம்மா மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள். தலை நரைத்தவள், சின்னப்பெண்போல இரண்டு கைகளையும் கூப்பியிருந்தாள்.

“வேணாங்க மண்டோரய்யா. ஒங்களக் கும்புடுறேன்.”

அம்மா, நான்தாம்மா. அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தான்.

“கண்மணி,” என்றது வாய்.

கட்டைக் குரல். அவனுடையது இல்லை. உள்ளே எங்கோ அவன் அம்மா அம்மா என்று அலறிக்கொண்டிருந்தான். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. அவன் கை, அவனைக் கேட்காமலே பின்னால் நீண்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டது.