ஆல்டன்பியைக் காணவில்லை

ஆல்டன்பி என்ற ஊரைக் காணவில்லை. எழுநூறு வருடத்துக்கு முந்தைய வரிப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது. இங்கிலாந்து வரைபடத்தில் இல்லை. ஊர் என்ன சட்டைப் பொத்தானா, கழன்று விழுந்து தொலைய?

இந்தப் புதிரை இங்கிலாந்துப் பள்ளிக்கூடம் ஒன்று, 1994இல், ஜெர்மனியின் ஹனோவரில் படித்த சுபானியின் வகுப்புக்கு அனுப்பியது. விடை அவர்களுக்கும் தெரியாது. ஒரேயொரு கேள்வி கேட்கலாம். இடத்தைச் சொல்ல முடியாவிட்டால் புதிர் ஒரு பிரெஞ்சு வகுப்புக்குப் போய்விடும்.

"பழைய தேவாலயம் எங்க எண்டு கேப்பம்," என்றான் வகுப்புத் தோழன் றொல்ஃப்.

"அதுவும் இடிஞ்சிருந்தா?" என்றாள் சுபானி.

"அப்ப நீ நல்ல கேள்வியாக் கொண்டு வா! நாளைக்கு ஃபாக்ஸ் போகுது."

அன்று மாலை அப்பா ஆனந்தராசா சமையலறை மேசையில் கடதாசிகளைப் பரப்பியிருந்தார். மறுநாள் விசா அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம். எந்த அதிகாரி எதைக் கேட்பான் என்று யாருக்குத் தெரியும்? வீட்டிலுள்ள எல்லாக் கடதாசியையும் கட்டிக்கொண்டு போவார்.

"இதென்னப்பா, பழுப்பாக் கிடக்கு?"

"தொடாதை, கிழிஞ்சிடும்! யாழ்ப்பாணத்துக் காணி உறுதி, எங்கட நிலப் பத்திரம்."

"'நாவலடி வளவு' எண்டிருக்கு. காணிக்கும் பேரோ?"

"ஓம். அங்க ஒவ்வொரு காணிக்கும் பேர் இருக்கு."

"நாவல் மரம் பெரிசோ?"

"மரமோ? நானும் காணேல்லை, என்ர அப்பாவும் காணேல்லை. பேர் மட்டும் நிக்குது."

சுபானி துள்ளி எழுந்தாள். தேநீர்க் கோப்பை ஆடியது.

"பிள்ளை, உறுதி!" என்று அப்பா அலறினார்.

மறுநாள் வகுப்பில் அவள் சொன்னாள்: "அங்கத்தைய கமக்காரர் தங்கட வயலுகளுக்கு என்ன பேர் சொல்லினம் எண்டு கேப்பம்."

றொல்ஃப் சிரித்தான். "வயலுக்குப் பேரோ? மாட்டுக்குத்தான் பேர் வைப்பினம்!"

"எங்கட காணியில மரம் இல்லை. பேர் இருக்கு. அங்கயும் ஊர் போயிருக்கும், பேர் நிக்கும்."

ஆசிரியை கை தூக்கச் சொன்னார். பதினொரு கை சுபானிக்கு, பத்து றொல்ஃபுக்கு. சுபானியின் கேள்விதான் போனது. பிழையாகப் போனால் திட்டு முழுவதும் அவளுக்கே. ஆனாலும் அவள் அசையவில்லை.

ஒரு கிழமையில் பதில் வந்தது. முப்பத்திரண்டு வயல்கள், முப்பத்திரண்டு பெயர்கள். றொல்ஃப் உரத்து வாசித்தான்.

"பன்றி மேடு... நீளத் துண்டு..." சட்டென்று நின்றான். "ஆல்டன்பி மூலை!"

ஆற்றங்கரையில் ஒரு பார்லி வயல். உழும்போதெல்லாம் பானை ஓடுகள் வருவதாகக் கமக்காரர் எழுதியிருந்தார்.

வகுப்பு கூரை அதிரக் கத்தியது. வரைபடம் சுவரில் உயரத்தில் தொங்கியது. றொல்ஃப் கதிரையை இழுத்து வந்தான்.

"ஏறு, நான் பிடிக்கிறன்."

சுபானி ஏறினாள். ஆற்றங்கரையில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் பெரிதாக எழுதினாள்: ஆல்டன்பி.