கம்பியின் உயரம்

அடுத்த வாரம் உடைக்கப் போகிற அந்தக் கப்பலில் பட்டப்பகலில்தான் ஏறினேன். கையில் அளவு டேப்பும் ஒரு நோட்டும். துரு வாடை மூக்கைத் துளைத்தது.

கடலில் நடக்கும் குற்றங்களை ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் கல்லூரியில் சிரிப்பார்கள். “தண்ணிக்குள்ள போய் யாரைப் பிடிக்கப் போறீங்க மேடம்?” கரையில் ஒரு கொலை நடந்தால் அக்கம்பக்கம் வாய் திறக்கும். கப்பலில் சாட்சியும் கொலைகாரனும் ஒரே மேசையில் சாப்பிட்டாக வேண்டும். என் தம்பி இந்தக் கப்பலில் சமையற்காரனாக இருந்தான். ‘தவறி விழுந்தார்’ என்று இரண்டே வார்த்தையில் அவன் சாவு விசாரணையை முடித்துவிட்டார்கள். விழ முடியுமா என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

“சீக்கிரம் வந்துடுங்கம்மா,” காவலாளி குரலைத் தாழ்த்தினார். “பின்பக்கம் நான் தனியா நிக்கிறதே இல்ல.”

தம்பி கடலில் விழுந்ததாகச் சொன்ன இடம் அந்தப் பின்பக்கத் தளம். டேப்பின் நுனியைத் தரையில் வைத்து, ஓரத்துக் கைப்பிடிக் கம்பி வரை இழுத்தேன். நுனி வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

மூன்றாம் முறை, யாரோ பிடித்ததுபோல் நின்றது.

குனிந்து பார்த்தேன். ஆள் இல்லை. நுனியைச் சுற்றித் தரை மட்டும் ஈரமாகிக்கொண்டிருந்தது.

“தம்பி... நீயாடா?”

டேப் விறைத்தது. மூன்றரை அடி. குள்ளமான அவனுக்கு நெஞ்சு வரை வரும். தவறி விழ வழியே இல்லை, தூக்கித்தான் போட்டிருக்கிறார்கள். அளவை எழுதும்போது அழுதுவிட்டேன்.

“எழுதிட்டேன்டா. போதும், விட்டுடு.”

விடவில்லை. டேப் என்னை இழுத்துக்கொண்டு கம்பியோரமாக நகர்ந்து, நாலு எட்டில் நின்றது. அங்கும் தரை ஈரம். அளந்து எழுதினேன். மறுபடி நகர்ந்தது.

அப்போதுதான் அவன் கடைசியாகப் போனில் சொன்னது உறைத்தது. “அக்கா, சரக்கறையில யாரோ ஒரு குடும்பம் ஒளிஞ்சிருக்கு. கேப்டனுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சாங்க. சாப்பாடு கொடுத்துட்டு வந்து பேசுறேன்.” கப்பல் பதிவேட்டில் அப்படி யாருமே இல்லை. தம்பி போன துக்கத்தில் நானும் அதை மறந்தே போனேன். பாவி நான்.

நான்காவதாக டேப் நின்ற இடத்தில் இரண்டு ஈரப் பாதத் தடங்கள் தெரிந்தன. என் உள்ளங்கையைவிடச் சின்னவை.

தம்பியின் பிடி விட்டது. மண்டியிட்டு டேப்பின் நுனியை அந்தத் தடங்களின் பக்கம் நீட்டினேன்.

இந்த முறை நுனியைப் பிடித்த கைக்குப் பலமே இல்லை.