கழுத்தளவுத் தண்ணீர்

கடலில் இத்தனை கிழவிகள் நிற்கிறார்கள், கரையில் துவட்ட ஒரு துண்டுகூடக் கிடக்கவில்லை.

ஸ்பிலியோஸ் அதைக் கவனித்தான், கவனித்ததோடு சரி. ஏதென்ஸிலிருந்து இந்தத் தீவுக்கு விடுமுறைக்கு வந்த நாள்முதல், நிம்மதியாக நீந்தச் சத்தமில்லாத ஒரு கடற்கரை தேடி அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தீவின் மற்ற கரைகளில் குடைகளுக்கு நடுவே ஒரு மத்தி மீன் புரண்டு படுக்க இடமில்லை. ஒலிபெருக்கி அதிர்ந்த அதிர்வில் ஆட்டுப்பால் மடியிலேயே தயிராகிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆடுகளே யோசித்து இறங்கும் பாறைச் சரிவில் இறங்கி இந்தக் குடாவைப் பிடித்திருந்தான்.

"முட்டி ரெண்டும் போச்சு. ஏறும்போது நீதான் என்னைத் தூக்கணும்" என்ற மனைவி எவாந்தியா, பாறை நிழலில் சாய்ந்ததும் தூங்கிப்போனாள்.

கிரேக்கக் கடல்களில் கிழவிகள் வழக்கமாக நிற்பதுபோலத்தான் இவர்களும் நின்றார்கள். தொப்பி நனையாமல், கழுத்தளவுத் தண்ணீரில், வட்டமாக. மருமகள்களை உரித்துக் காயப்போட்டுவிட்டு, அரிசி அடைத்துச் சுடும் தக்காளிக்குப் புதினா உண்டா இல்லையா என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

"வா மகனே, தண்ணி எண்ணெய் மாதிரி கெடக்கு."

"ஆழமாம்மா?"

"நாங்க நிக்கிறது தெரியல? மொதல்ல கண்ணாடிய மாத்து."

நீந்திப் போனான். மேலே வெதுவெதுப்பு, வயிற்றுக்குக் கீழே கிணற்றுக் குளிர். நெருங்க நெருங்க, வருஷக்கணக்காகத் திறக்காத அலமாரியின் நாற்றம். வட்டம் விலகி அவனை உள்ளே விட்டுக்கொண்டது.

"யாரு வீட்டுப் புள்ள நீ?"

பதில் சொல்ல நிற்கப்பார்த்தான். காலுக்குத் தரை கிடைக்கவில்லை.

முகத்தைத் தண்ணீருக்குள் விட்டான். பளிங்கு போன்ற நீரில் பூப்போட்ட நீச்சலுடைகள், அவற்றின் கீழே கால்கள், தென்னை உயரத்துக்கு, இன்னும் கீழே, வெளிச்சம் தீர்ந்துபோகும் இடம்வரை இறங்கி மணலில் ஊன்றிய வெள்ளைக் கால்கள். முழங்கால்களுக்கு இடையே மீன்கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

மேலே வந்தான். வட்டம் சுருங்கியிருந்தது.

"நான் வரேன்மா. வீட்டுக்காரி தேடுவா."

"இப்பத்தான வந்தே. அதுக்குள்ள என்ன?"

தோளோடு தோள். முங்கினான். கால்கள், வேலி மாதிரி. இடைவெளி இல்லை. உதைத்தான். கெண்டைக்கால் இழுத்தது. முழங்கால் இழுத்தது. இடுப்பிலிருந்து ஏதோ நெகிழ்ந்து கீழே, கீழே.

குளிர்.

கால்விரல் நுனியில் மணல்.

நின்றான். வலிகூட இல்லை. காலைப் பெயர்க்க முடியவில்லை.

கரையில் எவாந்தியா எழுந்து, கையைக் கண்ணுக்கு மேலே வைத்துத் தேடினாள். "வராதே" என்று கத்தினான். கிழவிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். இரண்டு கைகளையும் வீசினான். அவளும் கையசைத்தாள்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் புருஷன் நிற்கிறானே, கழுத்தளவில்.

பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

அவனுக்குப் பக்கத்தில் தொப்பிகள் மெல்ல நகர்ந்து, ஓர் ஆள் நிற்க இடம் விட்டன.