பிணை இருக்கை

காலையில் டெல்லிக்குப் பறந்து, அங்கே ஒரு காபி குடித்துவிட்டு, மாலையில் சூலூருக்குத் திரும்பி ராத்திரிச் சோற்றுக்கு உலை வைப்பது எனக்குப் பழகிப்போன வேலை. டெல்லியில் எனக்கு ஒரு காரியமும் கிடையாது. அந்த ஊர்க் காபியும் வாயில் வைக்க வழங்காது. என் தம்பி ஒரு விமானத்தைப் பழுதுபார்த்துக் கையெழுத்துப் போட்டால், அதன் முதல் பயணத்தில் நான் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

அன்றைக்கு அது என் முறை இல்லை. தம்பி மகள் ரங்கநாயகிக்குப் பதினெட்டு முடிந்ததிலிருந்து அவள்தான் பாதி நாள் பறந்துகொண்டிருந்தாள். என் ஜன்னலைப் பிடுங்கிக்கொண்டாய் என்று அவளைச் சீண்டுவேன். எங்கள் காலத்தில் எனக்குத் தன்ஷிகா என்றும் தம்பிக்குக் கவினேஷ் என்றும் பெயர் வைத்தார்கள். இப்போது பழைய பெயர்களெல்லாம் திரும்பி வந்துவிட்டன.

"அக்கா, ரங்குக்குக் காய்ச்சல். இன்னிக்கு நீ போயிட்டு வந்தர்றியா?" என்று கவினேஷ் கைத்திரையில் கேட்டான்.

"இதுக்கெல்லாம் கேக்கோணுமாடா?" என்றேன். சொல்லப்போனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான். மிளகைத் தட்டிப்போட்டு ரசம் வைத்து, ரங்குவுக்கென்று ஃப்ளாஸ்க்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கவினேஷுக்கு வேலை வெண்ணாரை விமான நிறுவனத்தின் பணிமனையில். அந்த நிறுவனம் தன் விமானங்களைத் தானே பழுதுபார்க்கும். பக்கத்துத் தொழிற்கூடத்தில் உதிரிபாகங்களையும் தானே வார்த்துக்கொள்ளும். நானும் அங்கேதான், இருக்கைகளுக்கு உறை தைக்கும் பிரிவில் இருக்கிறேன். கவினேஷ் சான்றாளன். விமானம் பறக்கலாம் என்று அவன் முத்திரை வைத்தால்தான் அது வாசலைத் தாண்டும்.

ஒரு காலத்தில் இதற்கு மனிதனே தேவைப்படவில்லை. சோதனைமதி என்ற இயந்திர அறிவுதான் எல்லாவற்றையும் பார்த்து அனுப்பியது. பிறகு ஒரே மழைக்காலத்தில் இரண்டு விமானங்கள் விழுந்தன. இரண்டுக்கும் சோதனைமதி குறை இல்லை என்று சான்று கொடுத்திருந்தது. யாரைப் போய்க் கேட்பது? இயந்திரத்தின் சட்டையைப் பிடிக்க முடியுமா? சனங்கள் விமானம் ஏறுவதையே விட்டுவிட்டார்கள். அப்போது வந்ததுதான் உயிர்ப்பிணைச் சட்டம். மனிதன் ஒருவன் முத்திரை வைக்க வேண்டும். அவனுடைய ரத்த உறவு ஒன்று முதல் பயணத்தில் உட்கார வேண்டும். அவனே உட்காரட்டுமே என்று கேட்டவர்களுக்குச் சட்டம் எழுதியவர்கள் ஒரு பதில் சொன்னார்கள். தன் உயிரை அசட்டையாக வைப்பவன் உண்டு, தன் ரத்தத்தை வைப்பவன் இல்லை. அதற்குப் பிறகு விமானம் எதுவும் விழவில்லை. அதனால் எங்களைப் போன்றவர்களும் சட்டத்தைக் குறை சொல்லவில்லை.

பணிமனையில் கவினேஷ் அதிகம் பேசவில்லை. இடது இறக்கையின் மடிப்புத் தகட்டைத் தாங்கும் கீல் மட்டும் புதிது, நம் கூடத்திலேயே புது அச்சில் வார்த்தது, சோதனைமதி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டது என்றான். சோதனைமதி கிடக்கட்டும், நீ என்ன சொல்கிறாய் என்று கேலியாகக் கேட்டேன். சிரித்தான். ரசத்தை வாங்கிக்கொண்டான்.

பிணை இருக்கை விமானத்தின் முதல் வரிசையில், எல்லோருக்கும் முகம் தெரிகிற மாதிரி பின்பக்கம் பார்த்து இருக்கும். சான்றாளன் தன் கையாலேயே பிணையாளுக்கு வாரைப் பூட்ட வேண்டும் என்பது முறை. பிறகு இறங்கிப்போய் இறக்கை நுனிக்குக் கீழே நிற்பான். அதைப் பார்த்த பிறகுதான் பயணிகள் வாரைப் பூட்டிக்கொள்வார்கள். கவினேஷ் குனிந்து என் வாரைப் பூட்டினான், இழுத்துப் பார்த்தான், மறுபடியும் இழுத்துப் பார்த்தான். எதிர் வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "கூடப் பொறந்தவருங்களா? அப்பப் பயமில்லீங்க," என்றாள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

கதவு மூடுவதற்குள் ரங்குவை ஒரு வார்த்தை விசாரிக்கலாம் என்று கைத்திரையில் கூப்பிட்டேன். வியர்த்து வழிய, கல்லூரி மைதானத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் பிள்ளைகள் பந்தை எறிந்து கூச்சல் போட்டார்கள். காய்ச்சலோடு ஏன் வெயிலில் நிற்கிறாய் என்று அதட்டினேன்.

"காய்ச்சலா? எனக்கா?" என்று சிரித்தாள். "நாந்தான் வர்றேன்னு பையெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன் அத்தை. அப்பாதான் இன்னிக்கு நீ போவேண்டாம், போய் விளையாடு கண்ணுன்னாரு."

மேகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இறக்கைக்குக் கீழே கவினேஷ் ஒரு கையில் ஃப்ளாஸ்க்கோடு நின்று, மறு கையின் கட்டைவிரலை எனக்கு உயர்த்திக் காட்டினான். முதுகில் குத்துவது என்பார்கள். இவன் என் மடிமேல் குனிந்து, வாரைப் பூட்டிவிட்டல்லவா போயிருக்கிறான். அவன் கைக்கு ஏதோ ஒரு சந்தேகம் தட்டியிருக்கிறது. முத்திரை வைக்காமல் இருந்திருக்கலாம். வைத்துவிட்டு, மகளை நிறுத்திக்கொண்டு, அக்காவை அனுப்பியிருக்கிறான்.

விமானம் கிளம்பும்வரை பிணையாளுக்கு இறங்கும் உரிமை உண்டு. இறங்கினால் விமானத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சான்றாளனின் முத்திரை அன்றோடு போய்விடும். சொந்த ரத்தமே நம்பாதவனை ஊரான் எப்படி நம்புவான் என்பது கணக்கு. அந்த முத்திரை கிடைத்த அன்றைக்குத் தெருத்தெருவாக லட்டு கொடுத்தவள் நான். பேசாமல் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எதிரே அந்தக் குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அம்மா என்னை நம்பித்தான் வாரைப் பூட்டியிருந்தாள்.

வாரைக் கழற்றிவிட்டு எழுந்தேன். அத்தனை பேரும் எழுந்து எனக்குப் பின்னால் இறங்கினார்கள்.

மத்தியானம் காத்திருப்புக் கூடத்துக்குக் கவினேஷ் வந்தான். சட்டையில் முத்திரைச் சின்னம் தைத்திருந்த இடத்தில் நூல் பிரிந்து தொங்கியது. ஃப்ளாஸ்க் இன்னும் கையிலேயே இருந்தது.

"பிரிச்சுப் பாத்துட்டாங்கக்கா. கீலுல ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்குது. எதுக்குக்கா எறங்குன?"

"ரங்குக்கு ரசம் குடுத்தியா? காய்ச்சல் எப்படி இருக்குது?" என்றேன்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கீலை அசைச்சப்போ கையில என்னமோ உறுத்துச்சு. நூத்துல ஒரு பங்குகூட இருக்காதுக்கா. அடுத்து மூணு விமானம் வரிசையில நிக்குதுன்னு மேலதிகாரிங்க அவசரப்படுத்துனாங்க. அவ கொழந்தக்கா."

"அந்த ஒரு பங்குக்கு அக்கா போதும்னு நெனச்சுட்ட."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்வான் என்று காத்திருந்தேன். ஃப்ளாஸ்க்கை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

சாயங்காலம் அதே விமானத்துக்கு மாதப்பன் என்ற வேறொரு சான்றாளர் முத்திரை வைத்தார். அவருடைய பிணையாள் என்னைத் தாண்டித்தான் போனார். தலை நரைத்த பெரியவர். சலவை மடிப்பு கலையாத சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"மாதப்பன் என் அண்ணன் மகன் அம்மிணி. ஒரு கஷ்டமான வண்டின்னா என்னையத்தான் கூப்புடுவான். அம்புட்டு நம்பிக்கை எம்மேல," என்றார்.

மாதப்பனுக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பது எனக்குத் தெரியும். இருவருக்கும் பதினெட்டு தாண்டிவிட்டது.

"ஆமாங்க," என்றேன். பெரியவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, காலையில் நான் போன மாதிரியே போனார்.