நாற்பது நிமிடம், மனிதக் கையால்

காலை எட்டரை மணிக்குப் பாளையங்கோட்டைத் தெருக்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பதிலாள்கள் நடமாடத் தொடங்கிவிடும். சீருடை, முதுகில் பை, காலில் கறுப்பு ஷூ. ஒன்றையொன்று இடிக்காது, வரிசை குலையாது. தேங்கிய மழைத்தண்ணீரில் குதிக்காது, வழியில் நின்று நெல்லிக்காய் வாங்கித் தின்னாது. பிள்ளைகள் அந்நேரம் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

மங்கையர்க்கரசியும் தன் மகள் சங்கவியின் பதிலாளுக்குத் தினமும் முகம் துடைத்து, ரிப்பன் கட்டி, வாசல்வரை வந்து அனுப்பிவைப்பாள். "பாத்துப் போ" என்றும் சொல்வாள். அது இயந்திரம், அதற்குப் பார்க்காமல் போகத் தெரியாது. ஆனாலும் பெற்றவள் வாய் சும்மா இருக்குமா?

சாயங்காலம் பதிலாள் வீடு திரும்பியதும், அன்றைக்குப் பள்ளியில் கேட்டதையெல்லாம் பிள்ளையின் காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் அறிவூட்டிக்குள் இறக்கிவிடும். இருபதே நிமிடம். கணக்கு, வரலாறு, வேதியியல் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். லேசாகத் தலை கனக்கும், ஒரு டம்ளர் சூடான பால் குடித்தால் சரியாகிவிடும். ஐம்பது வருஷமாக நாட்டில் எல்லாரும் இப்படித்தான் படித்தார்கள், எல்லாரும் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள்.

கைவேலை ஒன்றுதான் இறங்க மறுத்தது. தோசை சுடுவது எப்படி என்று அறிவூட்டி வைத்த எந்தப் பிள்ளையும் ஒப்பிக்கும். தோசைத் திருப்பியைக் கையில் கொடுத்துப் பாருங்கள், கிழிந்துதான் வரும். விரலுக்குப் போகிற பழக்கம் விரல் வழியாகத்தான் போகும், காது வழியாகப் போகாது என்று அறிவூட்டியைச் செய்தவர்களே கைவிரித்துவிட்டார்கள்.

அதனால் என்ன என்று ஊர் இருந்தது. ஒருமுறை அறுவைச் சிகிச்சை இயந்திரங்கள் ஒரே நாளில் எல்லா ஊரிலும் ஒரே தவறைச் செய்தன. அதற்குப் பிறகுதான் 'கத்தி பிடிப்பது மனிதக் கையாக இருக்கவேண்டும்' என்று சட்டம் வந்தது. மருத்துவக் கல்லூரிகள் மதிப்பெண் கேட்பதை விட்டுவிட்டு, சொந்தக்கைச் சான்று கேட்க ஆரம்பித்தன. பத்து விரலும் வருஷக்கணக்கில் பழகியவை என்பதற்கான சான்று அது. அதைக் கொடுக்கும் அனுமதி பாளையங்கோட்டையில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. பியானோ சொல்லித்தரும் ஹெப்சிபா டீச்சருக்கு.

ஹெப்சிபா டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. குரல் மெதுவாக வரும், விதிகள் அப்படியல்ல. சேர வருகிற பெற்றோரை உட்காரவைத்து, பதினான்கு விதிகளையும் அவரே வாசித்துக் காட்டுவார். விட்ட வகுப்பு விட்டதுதான், வேறு நாள் கிடையாது. நகம் வெட்டாமல் வரும் பிள்ளை திருப்பி அனுப்பப்படும். பதிலாள் வெளிக் கதவைத் தாண்டக்கூடாது. பெற்றோர் வகுப்புக்குள் உட்காரக்கூடாது. மூன்றாம் வருஷக் கடைசியில் மேடைநாள் உண்டு, சொந்தக் கல்யாணமே இருந்தாலும் அன்றைக்கு வரவேண்டும். ஏழாவது விதியை மட்டும் இரண்டு தடவை வாசிப்பார்.

"தினமும் வீட்டில் நாற்பது நிமிடம், மனிதக் கையால், பயிற்சி செய்யவேண்டும். மாதத்தில் மூன்று நாள் தவறினால் இடம் போய்விடும்."

"சரிங்க டீச்சர்" என்றாள் மங்கையர்க்கரசி. மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை இது. அப்போது சங்கவிக்குப் பன்னிரண்டு வயது. அப்பா நிலவில் தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலையில் இருந்தார், வருஷத்துக்கு ஒருமுறை வருவார். மகள் டாக்டராக வேண்டும் என்பது அவர் அங்கே போவதற்கு முன்பே வீட்டில் முடிவான விஷயம். சங்கவியை யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளையிடம் போய் யார் கேட்பார்கள்?

வீட்டுப் பியானோவை ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு கட்டையும் அழுத்துகிற விரலின் சூட்டையும் வியர்வையையும் உணரும். பாடத்தைச் சரியாக வாசித்தால்தான் நிமிடம் ஓடும். நாற்பது நிமிடமும் முடிந்தால் பயிற்சிப் பதிவில் அன்றைய நாள் பச்சையாகிவிடும், வாசித்த ஒலியும் டீச்சருக்குப் போய்விடும். முதல் மாதமே சங்கவிக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாவது நாளும் பிள்ளை எழுந்திருக்கவில்லை. இடம் போய்விடுமே என்று மங்கையர்க்கரசி பதிலாளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அது கையை வைத்ததுமே பதிவு சிவப்பாகக் கத்தியது. என்ன செய்வதென்று தெரியாமல் தானே கட்டைமேல் விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

அன்றைக்கு அந்த நாற்பது நிமிடம் ஓட மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அடுப்பில் வைத்த குழம்பு தீய்ந்துபோனது. ஆனால் நாள் பச்சையாகிவிட்டது.

ஒரு நாள்தானே என்று நினைத்தாள். காய்ச்சல் விட்டு வந்த பிள்ளை பியானோ முன் உட்கார்ந்தபோது, தப்புத் தப்பாக வந்தது. "ஏட்டி, தப்பு விழுந்தா பதிவு கெட்டுப்போகும். இன்னும் உடம்பு தேறல, நீ போய்ப் படு. வகுப்புக்கு மட்டும் ஒழுங்காப் போ, போதும்" என்று எழுப்பிவிட்டாள். மறுநாளும் அதையே சொன்னாள். பிறகு சொல்ல வேண்டியதாகவே இல்லை. புதன்கிழமை மகள் வகுப்புக்குப் போகும்போது தாய் வெளிக் கதவருகே நின்று காதைக் கூர்மையாக்கிக்கொள்வாள். வீட்டுக்கு வந்து, கேட்டதை விரலில் தேடுவாள். இப்படியே மூன்று வருஷம், ஒரு நாள் விடாமல்.

ஹெப்சிபா டீச்சர் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். வீட்டுப் பதிவைக் கேட்டால் ஊரிலேயே இப்படி வாசிக்கிற பிள்ளை இல்லை. வகுப்பில் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு வலது கையும் இடது கையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. 'நான் அவ்வளவு பயமுறுத்துகிறேனா?' என்று அந்த மனுஷி கிடந்து வருந்தினார். சங்கவி வரும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவைத்தார், நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். தப்பைத் திருத்துவதைக்கூட நிறுத்திவிட்டார். மேடையில் ஏறினால் பயம் தெளிந்துவிடும் என்று நம்பினார்.

மேடைநாள் வந்தது. சனிக்கிழமை காலை, டீச்சர் வீட்டுப் பெரிய அறையில் பெற்றோருக்கு நாற்பது நாற்காலிகள். மூலையில் அரசாங்கத்தின் சான்றுக் கருவி, மேலே ஒரு தாளும் பேனாவும். மூன்று வருஷம் முடித்தவர்களுக்கு அன்றைக்கே சான்று. சங்கவியைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து உட்கார்ந்து நாலு வரி வாசித்தாள். ஐந்தாவது வரியில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அதே இடத்தில் நின்றது.

"நிதானமா வாசிம்மா. வீட்டுல வாசிக்கிற மாதிரி" என்றார் டீச்சர்.

சங்கவி மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். "வீட்டுல நான் வாசிக்கல டீச்சர். அம்மாதான் வாசிக்கிறா."

மங்கையர்க்கரசிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடத்தான் முன்னால் வந்தாள். டீச்சர் வழியை மறித்தார். கோபப்படுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

"உட்காருங்க, சங்கவி அம்மா. வாசிங்க."

"ஐயோ, வேண்டாம் டீச்சர். தப்பு பண்ணிட்டேன்."

"மூணு வருஷமா உங்க மக வாசிக்கிறான்னு நெனச்சு நான் கேட்டது யார் வாசிச்சதுன்னு எனக்குத் தெரியணும். வாசிங்க."

உட்கார்ந்தாள். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். முதல் கட்டையை அழுத்தியதும் பாடம் ஓடத் தொடங்கியது. ஏழு நிமிடப் பாடம் அது. மகள் தடுக்கி விழுந்த ஐந்தாவது வரியை அவள் கவனிக்கவே இல்லை, விரல்கள் தாமாகத் தாண்டிப் போயின. இத்தனை பேர் முன்னால் அவள் எதையும் செய்தது அதுவே முதல் தடவை. முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. ஹெப்சிபா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் இரண்டு அம்மாக்கள் தங்கள் விரல்களைக் குனிந்து பார்த்துவிட்டு, மெல்ல முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

டீச்சர் விதித்தாளை எடுத்து ஏழாவது விதியை மூன்றாவது தடவையாக வாசித்தார், இந்த முறை தனக்காக. "மனிதக் கையால்னுதான் எழுதியிருக்கேன். மாணவர் கையால்னு எழுதல. இயந்திரத்தைத் தடுக்கணுங்கிற நெனப்புலயே எழுதினேன். பெத்தவ வந்து உட்காருவான்னு எனக்குத் தோணவே இல்ல."

"மன்னிச்சிருங்க டீச்சர். பிள்ளை இடத்தை மட்டும் பறிச்சிராதீங்க."

"அவளுக்கு இடமே கிடையாது. சான்று உங்களுக்குத்தான். ஆயிரம் நாளுக்கு மேல பச்சை விழுந்திருக்கு, அத்தனையும் உங்க கை."

மங்கையர்க்கரசிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கேட்டதைக் கேளுங்கள். "பேரை மட்டும் பிள்ளை பேர்ல போட்டுத் தர முடியாதா டீச்சர்? நானும் அவளும் ஒண்ணுதானே."

"இவ கத்தியைப் பிடிச்சா படுத்திருக்கவங்க எழுந்திருக்க மாட்டாங்க, சங்கவி அம்மா."

மங்கையர்க்கரசி மகளின் விரல்களைப் பார்த்தாள். டீச்சர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நூற்றிருபது வயதுவரை இருக்கிற காலத்தில் உங்கள் நாற்பத்தொன்று ஒரு வயதே இல்லை என்றார். கல்லூரியில் ஐம்பதில் சேருகிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் கையைப் போல ஒரு கைக்குத்தான் கல்லூரிக்காரர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். சங்கவி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நீ போம்மா. எனக்கு ரத்தத்தைப் பாத்தாலே மயக்கம் வரும். உங்கிட்ட சொல்லத்தான் பயமா இருந்திச்சு."

மங்கையர்க்கரசி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாத்திரம் தேய்த்த கை, ரிப்பன் கட்டிய கை. அதற்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. கண்ணில் நீர் முட்டியது.

"ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே டீச்சர்? சில நாள் நாற்பது நிமிஷம் எனக்குப் போதாது. பச்சை விழுந்த பிறகும் உட்கார்ந்து வாசிச்சிருக்கேன். பிள்ளைக்காகத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." எழுந்து நின்றாள். "நான் போறேன் டீச்சர். எனக்கு ஆசையா இருக்கு."

அறை முழுக்க அப்போதுதான் கைதட்டியது. டீச்சர் அவளைச் சான்றுக் கருவிக்கு அழைத்துப் போனார். ஏமாற்று வேலைக்கு இடம் இருக்கக் கூடாது என்று அந்தக் கருவிக்கு ஒரே ஒரு விதிதான் கொடுத்திருந்தார்கள். சான்று பெறுகிறவர் தன் பெயரைத் தன் கையாலேயே எழுதவேண்டும். எழுதுகிற கையும் எழுதிய பெயரும் பொருந்தினால் சான்று வரும். பொருந்தாவிட்டால் அந்தக் கை ஆயுளுக்கும் சான்று கேட்க முடியாது.

"ஒரு கைக்கு ஒரு தடவைதான். அவசரமே இல்ல, நிதானமா எழுதுங்க" என்றார் டீச்சர்.

மங்கையர்க்கரசி பேனாவை எடுத்தாள். மனசெல்லாம் கல்லூரியில் இருந்தது. நிலவுக்கு எப்படிச் சேதி சொல்வது, அவர் சிரிப்பாரா, திகைப்பாரா, காலையில் யார் சமைப்பது என்று என்னென்னவோ ஓடியது. தாளில், 'பெயர்' என்ற சொல்லுக்கு எதிரே, தடங்கலில்லாமல் எழுதி முடித்தாள். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

டீச்சர்தான் முதலில் பார்த்தார். "ஐயோ, சங்கவி அம்மா!"

தாளில் முத்து முத்தான எழுத்தில் 'சங்கவி' என்று இருந்தது.

வேண்டுமென்று எழுதவில்லை. நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். தடுப்பூசிப் படிவம், பள்ளிக்கூடப் படிவம், சீருடைத் துணிக்கு ஒன்று, அறிவூட்டி பதிக்க ஒன்று, பியானோ வகுப்புக்கு ஒன்று என்று பதினைந்து வருஷமாக எந்தத் தாளில் 'பெயர்' என்று கேட்டாலும் அந்தக் கை எழுதியது அந்த ஒரு பெயரைத்தான். கடைசியாகத் தன் பெயரை எப்போது எழுதினாள் என்று அவளுக்கு நினைவில்லை. விரல் பழகியதைத்தான் விரல் செய்யும் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்த ஹெப்சிபா டீச்சர் தாளை எடுத்துவிடக் கையை நீட்டினார்.

"அழிச்சிட்டு எழுதலாமில்ல டீச்சர்?" என்றாள் மங்கையர்க்கரசி. "தெரியாம எழுதிட்டேன். என் பேரு வேற. என் பேரு..."

அதற்குள் கருவி தாளை உள்ளே இழுத்துக்கொண்டது. "பெயரும் கையும் பொருந்தவில்லை. அடுத்தவர் வரலாம்" என்றது.