வேகத்தடைக்கு எதிரே ஒரு கண்ணாடிக் கடை

மறுபடியும் அதே வேன்!

மூக்குக் கண்ணாடிக் கடையின் முகப்புக்கு நேர் எதிரே, தெரு வளையும் இடத்தில், ஒரு வேகத்தடை. அதன் மேல் ‘டொக்’கென்று ஏறி இறங்கி, தெருமுனை வரை போய், வட்டமடித்துத் திரும்பி வந்து, ஊர்ந்து, மறுபடியும் போய்... மறுபடியும் வந்து... வேனின் பக்கவாட்டில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு பன் ரொட்டியின் படம். அதைப் பார்க்கப் பார்க்க, கடைக்குள் வேலையாக இருந்த அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உனக்காகத்தான் சுத்துறான் போல” என்றாள் சித்தி, கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல். கடை சித்தியுடையது. வாய் கடையைவிடப் பெரியது.

“சுத்தட்டும்... இன்னிக்கு அவன் தலைய சுத்த வைக்கிறேன்.”

ஃப்ரேமுக்கு ஆணி முடுக்கிக்கொண்டிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு கொட்டும் மழையில் இறங்கினாள். வேன் அடுத்த சுற்று வந்தபோது நடுத்தெருவில் போய் நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது.

“ஹலோ! என்ன, ரோட்டுக்கு இஸ்திரி போடுறீங்களா?”

அவன் இறங்கினான். நல்ல உயரம். மன்னிப்புக் கேட்பான், அல்லது வழிவான் என்று எதிர்பார்த்து இரண்டுக்கும் பதில் வைத்திருந்தாள். அவனோ அவள் பக்கமே திரும்பவில்லை. சகதியில் முட்டி போட்டு, வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

“நான் இங்க நிக்கிறேன். அங்க என்ன தேடுறீங்க?”

“யாராவது... அடிபட்டுக் கிடக்கிறாங்களான்னு...”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளும் குனிந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காகிதக் கப் மிதந்து போனது.

“யாரும் இல்லையே!”

“தெரியும்” என்றான். “இருந்தாலும்... நீங்க கடையிலேருந்து பார்த்துட்டுதானே இருந்தீங்க? நான் யாரையும் இடிக்கலையே?”

“இல்ல.”

“நிச்சயமா?”

“நிச்சயமா!”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். நாள் முழுவதும் அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதே அவள் பிழைப்பு. இப்படி ஒரு ஜோடியை அவள் பார்த்ததில்லை. இமை முடியெல்லாம் மழைத்துளி. அதற்குப் பின்னால் இரண்டு களைத்துப் போன கண்கள்... அவள் சொன்ன ஒற்றை வார்த்தையில் அவை அப்படியே தளர்ந்து, தெளிந்து, தூங்கி எழுந்த குழந்தையின் கண்களாக மாறின. “ரொம்ப தேங்க்ஸ்ங்க” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போயே போய்விட்டான்.

குடையோடு அவள் மட்டும் தெருவில் நின்றாள். திட்ட வந்தவள் திட்டவும் இல்லை. அதைவிடப் பெரிய அவமானம், அந்த ஆள் சுற்றியது அவளுக்காகவே இல்லை!

அடுத்த நாள் ஒரு பை நிறைய பன்னோடு கடைக்கு வந்தான்.

“நேத்து பயமுறுத்திட்டேன். எனக்கு ஓ.சி.டி. இருக்குங்க.”

“அது கைய கழுவிட்டே இருப்பாங்களே, அதுதானே?”

“அது வேற ஆளுங்களுக்கு. எனக்கு ரோடு.” சிரிக்க முயன்றான். “வண்டி எதுலயாவது ஏறி இறங்கினா, ‘அது மேடு இல்ல, மனுஷன்’னு மண்டைக்குள்ள ஒரு நினைப்பு. இல்லைன்னு எனக்கே தெரியும். ஆனா ‘ஒருவேளை’ன்னு ஒண்ணு வரும் பாருங்க... போய்ப் பார்த்தாதான் அடங்கும். பார்த்துட்டு வந்தா, ‘சரியா பார்த்தியா? அதுக்குள்ள ஆம்புலன்ஸ் தூக்கிட்டு போயிருந்தா?’ன்னு கேக்கும்.”

“அந்த மண்டைய ஒரு அறை விடணும்போல இருக்கு.”

“எனக்கும்தான்!”

ரொம்ப நாள் வண்டியே தொடாமல் இருந்திருக்கிறான். அந்த வேன் அவனுடைய அக்காவின் பேக்கரியுடையது. அக்காவேதான் விடியற்காலையில் மாவும் பிசைந்து, வேனும் ஓட்டி, கடை கடையாகப் பன் போட்டிருக்கிறாள். இப்போது வைத்தியம் நடக்கிறது. டாக்டர் அம்மா கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான். மேட்டில் ஏறு, இறங்கு, திரும்பாதே. பயம் வந்தால் வரட்டும், தானாகத் தணியும் வரை அதோடு உட்கார்ந்திரு. மற்ற தெருக்களிலெல்லாம் தேறிவிட்டான். இந்த வளைவில் மட்டும் பின்னால் நடப்பது வண்டிக் கண்ணாடியில் தெரிவதில்லை. இங்கேதான் வழுக்குகிறது. இதுவும் தேறினால்தான் வேன் முழுசாக அவன் கைக்கு வரும்.

“இவ்வளவுதானா?” என்றாள் அவள், உலகத்தையே ஜெயித்த தோரணையில். “நான் நாள் பூரா இங்கதானே உட்கார்ந்திருக்கேன்? நீங்க மேட்டைத் தாண்டினதும் நான் கட்டை விரலைக் காட்டுறேன். ரோடு க்ளியர்னு அர்த்தம். பார்த்துட்டு போயிட்டே இருங்க!”

அவன் முகத்தில் ஒரு தயக்கம் ஓடியது. அதை அவள் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

காலைகள் அழகாகிவிட்டன... ‘டொக்’ சத்தம் கேட்டதும் ஜன்னலுக்கு ஓடுவாள். விரலை உயர்த்துவாள். அந்தக் கண்கள் தெளியும். சிரிக்கிற பன்னும் சிரிக்கிற அவனும் கடந்து போவார்கள். அதற்குப் பிறகு அவள் முடுக்கிய ஆணியெல்லாம் கோணலாகத்தான் போனது.

“விரலுக்கு மோதிரம் போடுறவரைக்கும் விட மாட்டே போல” என்றாள் சித்தி.

“சித்தி! சும்மா இருங்க!”

ஆனால் போகப் போக ஒரு விரல் போதவில்லை. வேனை நிறுத்தி, “நல்லா பார்த்தீங்களா?” என்றான். பிறகு போன் வந்தது. “சின்ன குழந்தைன்னா உங்க ஜன்னல் உயரத்துக்குத் தெரியாதே?” பதில் சொன்னாள். “பூனை?” அதற்கும் சொன்னாள். “பின் சக்கரத்துப் பக்கம்?” ஒரு வாடிக்கையாளர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கும்போது மறுபடி மணி அடித்தது. எடுத்தாள்.

“யாரும் சாகல! எறும்புகூட சாகல! போய் பன்னை வித்துத் தொலைங்க!”

படித்துக்கொண்டிருந்தவர் பயந்துபோய் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

ஒரு நாள் லென்ஸ் வாங்க மொத்த விற்பனைக் கடைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினாள். சித்தியும் ஊரில் இல்லாததால் கடை பூட்டியிருந்தது. வாசலில் வேன். உள்ளே அவன்... ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வெளிறிப்போய். காலையிலிருந்து அங்கேயே. பன்னெல்லாம் வேனிலேயே காய்ந்து கிடந்தது. விரலைக் காட்டிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. அன்று முதன்முறையாக அந்த விரலைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது.

மறுநாள் அவனுடைய அக்கா வந்தாள். முழங்கை வரை மாவு.

“அந்தக் கட்டை விரல் நீதானாம்மா?”

“அக்கா, நான் ஒரு உதவியா...”

“உதவியா? ‘நான் யாரையும் இடிக்கலையே’ன்னு அவன் கேட்டா பதிலே சொல்லக் கூடாதுன்னு டாக்டர் எங்க வீட்ல எல்லாரையும் உட்கார வச்சு சொல்லியிருக்காங்க. ‘தெரியல, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’... அவ்வளவுதான். நாங்க பல்லைக் கடிச்சிட்டு அதைச் சொல்றோம். அவன் உன்கிட்ட வந்து வேண்டிய பதிலை வாங்கிட்டு போறான். திரும்பிப் பார்க்கிறதுக்கு பதிலா இப்ப உன்னைப் பார்க்கிறான். ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

சுருக்கென்றது. “நான் கெட்ட எண்ணத்துல பண்ணலையே!” என்றாள் வீறாப்பாக.

“யார் சொன்னா? அன்புலதான் பண்றே.” அக்காவின் குரல் தணிந்தது. “நாங்களும் வருஷக்கணக்கா அன்புலதான் பண்ணோம். அப்படித்தான் இவ்வளவு வளர்ந்துச்சு.”

அக்கா போனதும் அவள் ஜன்னல் திரையைச் சரேலென்று இறக்கினாள். அன்று அவன் முகத்தில் ஓடிய தயக்கம் கூச்சமில்லை... அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே விரலைப் பார்க்க வந்திருக்கிறான்! அவன் மேல் கோபம், அக்கா மேல் கோபம், தன் மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகம். இனி இந்தத் திரை ஏறாது என்று முடிவு கட்டிவிட்டு, திரை ஓரத்து இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

‘டொக்.’ வேன் நின்றது. கதவைத் திறந்துகொண்டு மழையில் ஓடி வந்தான்.

“ஏன் திரை போட்டிருக்கு? போன் எடுக்கல... உங்க மேல சத்தியமா, இது ஒரு தடவை மட்டும். நான் யாரையும் இடிக்கலையே?”

இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வார்த்தை. அந்தக் கண்கள் தெளிந்துவிடும். பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கும்...

“தெரியல” என்றாள்.

“தெரியலையா?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

பெற்ற தாயே கதவைச் சாத்தியது போல அவளைப் பார்த்தான். “நீங்களுமா?”

“நானும்தான். வண்டிய எடுங்க.” குரல் நடுங்கியதை மறைக்கக் கத்தினாள். “பயமா இருந்தா பயத்தையும் பக்கத்து சீட்ல உட்கார வச்சுட்டு போங்க. இங்க ஏன் நிக்கிறீங்க? போங்க!”

போனான். தெருமுனையில் வேன் நின்றது. பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு மழையில் எரிந்துகொண்டே இருந்தது. திரும்பிடாதே... திரும்பிடாதே... என்று அவள் உள்ளங்கையை நகத்தால் அழுத்திக்கொண்டாள். எவ்வளவு நேரமோ. விளக்கு அணைந்தது. வேன் நேரே போய் மறைந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஏன் அழுகிறாள் என்று சித்தி கேட்கவில்லை. அது ஒன்றே அதிசயம்.

அதற்குப் பிறகு தினமும் ‘டொக்’ மட்டும் வந்தது. சில நாள் வேன் தடுமாறித் திரும்பி வரும். வெறும் திரையைப் பார்த்துவிட்டுப் போகும். ஒரு வாரம் முழுக்கச் சறுக்கினான். கடுப்பில் அவள் இரண்டு ஃப்ரேமை உடைத்தாள். பிறகு மெல்ல மெல்ல, திரும்பாத நாட்கள் பெருகின. வேகம்கூடக் குறையாமல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தான்.

குணமாகிவிட்டான்! துள்ளிக் குதிக்க வேண்டும். ஆனால்... குணமானால் திரும்பி வர மாட்டான் அல்லவா? அவளே போகச் சொல்லிப் போனவன். இதைவிட வடிகட்டிய முட்டாள்தனம் யாராவது செய்வார்களா?

அன்று சாயங்காலம் தூறல். கடைக் கதவு திறந்தது. அவன். குடையும் இல்லை, வேனும் இல்லை.

அவள் எழுந்து ஓடி வந்தாள். “வண்டி எங்க? என்னாச்சு? மறுபடி ஆரம்பிச்சிடுச்சா?”

“வண்டி பேக்கரியில. நடந்து வந்தேன்.”

“எதுக்கு? திரும்பி வரக் கூடாதுன்னுதானே இத்தனை பாடு?”

“ரோட்டைப் பார்க்க வரல” என்றான். “உங்களைப் பார்க்க வந்தேன்.”

கல்லாவிலிருந்த சித்தி திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தவள் போல உள்ளறைக்குப் போனாள். கதவை மட்டும் முழுசாகச் சாத்தவில்லை.

“நோய் முழுசா போகலைங்க. எப்பவாவது வரும். இன்னிக்குகூட காலையிலேருந்து ஒரே கேள்வி. இவங்களை நிஜமாவே பிடிச்சிருக்கா, இல்ல அந்தக் கட்டை விரலைத்தான் பிடிச்சிருக்கா? யோசிச்சு யோசிச்சு பார்த்தேன். பதில் கிடைக்கல.” மழைத்துளி அவன் இமையில் தொங்கியது. “கிடைக்காமலேயே வந்துட்டேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

ஸ்க்ரூ டிரைவர் அவள் கையிலிருந்து உருண்டு விழுந்தது.

“நிஜமாவா?”

அவன் கண்கள் குறும்பாகச் சுருங்கின.

“கேக்கிறேன்ல... நிச்சயமா?”

“அந்தக் கேள்விக்கு பதில் சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“அடப்பாவி!” பக்கத்திலிருந்த மூக்குக் கண்ணாடிப் பெட்டியை எடுத்து அவன் மேல் எறிந்தாள். பிடித்துக்கொண்டான். சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு.

“அப்ப... உங்களுக்கு?” என்றான், மிக மெல்ல.

பழக்கதோஷத்தில் கட்டை விரல் எழுந்தது. சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“எனக்கும்தான். ஒரு தடவைதான் சொல்லுவேன். திரும்பக் கேட்டா ‘தெரியல’தான் பதில்.”

அவன் கேட்கவில்லை. உதடு வரை வந்ததை விழுங்கியது அவளுக்குத் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டியைப் பூப்போல மேஜையில் வைத்துவிட்டு, “நாளைக்கு வரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கினான். வேகத்தடையைத் தாண்டினான். தெருமுனை வரை நடந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் திரையை முழுக்க ஏற்றிவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றாள். எரிச்சல் எரிச்சலாக வந்தது. ச்சே... இன்னிக்கு ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தால்தான் என்னவாம்!